தரைக்குக் கீழே காலி

நேற்று ணங் என்று கேட்ட டைல்ஸ் இன்று டொக் என்றது.

அவள் குந்தி உட்கார்ந்து, கையிலிருந்த நாணயத்தால் மறுபடியும் தட்டிப் பார்த்தாள். டொக். கதவிலிருந்து மூன்றாவது வரிசை. அந்த வரிசையின் மூன்று டைல்ஸும் அப்படியே. இரண்டாவது வரிசையும் டொக், அது தெரிந்ததுதான். ஆனால் கதவோரத்து முதல் வரிசை, நேற்று வரை மண்பானை போல் ஒலித்தது, இன்று கெட்டியாக ணங் ணங் என்றது.

தையல் கம்பெனியில் அவளுக்குச் செக்கர் வேலை. சட்டையை விளக்கடியில் விரித்து, தையல் விட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ள வேண்டும். பத்து வருஷம் அதையே செய்த கைக்கு வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்கத் தெரியாது. தரை போட்டு முடித்த அன்று மேஸ்திரி தட்டிப் பார்த்ததைக் கவனித்தாள். அடியில் கலவை நிரம்பியிருந்தால் ணங், காலியாக இருந்தால் டொக் என்று புரிந்துகொண்டாள். மறுநாளே பையில் நாணயமும் சாக்பீஸுமாக இறங்கிவிட்டாள். நேற்று ஆறு டைல்ஸுக்குக் குறி. இன்றும் ஆறுதான். ஆனால் வேறு ஆறு.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் பழைய வீட்டை வாங்கிப் பழுது பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மற்ற இரண்டையும் விளையாட்டுப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். நாலு லட்சத்தில் முடித்துவிடலாம் என்று கணவனும் அவளும் நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். சுவரைத் தொட்டதும் பூச்சு கொத்தாக உதிர்ந்தது. ஒயரிங் முழுக்க எலி கடித்திருந்தது. குளியலறைக் குழாயைத் திருகினால் குழாயே கையோடு வந்தது. எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கிய எண்பதாயிரம் மூன்றே வாரத்தில் போன இடம் தெரியவில்லை. அதன் பிறகுதான் முன்னறையின் பழைய தரையைப் பெயர்த்தபோது, கதவோரம் அந்தக் குழி வெளிப்பட்டது.

யாரோ எப்போதோ கட்டிய தண்ணீர்த் தொட்டி. ஆறடி அகலம், ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். மேஸ்திரி ஒயரில் பல்பைக் கட்டி இறக்கினார். சொட்டுத் தண்ணீர் இல்லை. பூச்சி இல்லை, ஒட்டடை இல்லை, எறும்புகூட இல்லை. வாடை மட்டும் இருந்தது. மூடிக் கிடந்த இடத்தின் புழுங்கல் வாடை இல்லை அது. அடைத்த அறைக்குள் ஒருவர் நெடுநேரம் தூங்கி, இப்போதுதான் எழுந்து போனது போன்ற ஒரு வெதுவெதுப்பு. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"கிராவல் மண் அடிச்சு ரொப்பிடணும்மா. சந்துக்குள்ள லாரி வராது, ஆள் வெச்சுத் தலையில சுமந்துதான் கொட்டணும். நாப்பத்தஞ்சாயிரம் ஆகும்," என்றார் மேஸ்திரி.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? மேல ஒரு சிலாப் போட்டு மூடிடுங்க மேஸ்திரி."

"மூடலாம். ஆனா குழியைக் காலியா விட்டு மூடறது நல்லதில்ல. காலி சும்மா இருக்காதும்மா. பக்கத்து மண்ணை இழுக்கும்."

"எவ்ளோ நாள்ல இழுக்கும்?"

"அது மண்ணைக் கேட்டாத்தான் தெரியும்."

அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். சிலாப் ஆறாயிரத்தில் முடிந்தது. முப்பத்தொன்பதாயிரம் மிச்சம் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது முன்னறை மட்டும்தான் ஆள் படுக்கிற நிலையில் இருந்தது. அடுப்படியில் தரையே இல்லை. உள்ளறையில் ஒயர்கள் சுவரிலிருந்து தொங்கின. கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன், திங்கட்கிழமைதான் திரும்புவான். முன்னறையின் அந்தக் கடைசியில், ஜன்னலை ஒட்டி ஒரு மெத்தை. அதில் அவளும் ஐந்து வயது மகள் சிட்டுவும்.

சிட்டு தூங்குவதற்கு முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். நாலு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி நாலு தட்டு. ராத்திரியில் இரண்டு முறை கண்ணைத் திறக்காமலே, "அம்மா, தண்ணி" என்பாள். இரண்டு வாய் குடித்துவிட்டுச் சாய்வாள். கடிகாரம் தவறினாலும் இது தவறாது.

புதன்கிழமை சாயங்காலம் தட்டினாள். மூன்றும் நான்கும் காலி. பின்னால் விட்ட வரிசைகள் எல்லாம் கெட்டி.

வியாழன், நான்கும் ஐந்தும்.

மேஸ்திரி வந்து பூச்சுக் கரண்டியின் பிடியால் தட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் கிண்டல் இல்லை. "இந்த இடத்தை நானே என் கையால கலவை போட்டு அழுத்தினேன்," என்றார். பெயர்த்துப் பார்க்கலாம், ஆனால் டைல்ஸ் உடையும், புதுசு வாங்கணும், பசை வாங்கணும் என்று அவர் விரல் மடக்க ஆரம்பித்ததும் அவள், "இருக்கட்டும், அவர் வந்ததும் பார்க்கலாம்," என்றாள். சொல்லும்போதே தன்மேல் எரிச்சலாக வந்தது. பயத்துக்குக்கூட விலை விசாரிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தும் ஆறும். மெத்தையின் விளிம்பு ஆறாவது வரிசையில் இருந்தது. அவள் குனிந்தபடியே, மெத்தைக்கு அடியில் கையை விட்டு, நாணயத்தைத் தரையில் தட்டினாள். டொக். பெயின்ட் வாசனையும் சிமென்ட் தூசியும் நிறைந்த அந்த அறையில், எங்கிருந்தோ மெல்ல ஏறி, தூங்கி எழுந்த அந்த வெதுவெதுப்பான வாடை மூக்கில் பட்டது.

மெத்தையை இழுத்தாள். தரதரவென்று கதவுப் பக்கம் கொண்டுபோனாள். அங்கேதான் குழி, ஆனால் அங்கேதான் இப்போது தரை கெட்டியாக இருக்கிறது. காதுக்குக் கேட்டதைத்தானே நம்ப முடியும். சிட்டு தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"எதுக்கும்மா இங்க?"

"காத்து வரும்டா."

கணவனுக்குப் போன் செய்தாள். பின்னணியில் லாரியின் இரைச்சல்.

"குழியை ரொப்பிடலாங்க. செயினை வெச்சாவது."

"திடீர்னு என்னம்மா? ரெண்டு நாள் பொறு, நான் வந்துடறேன். பயமா இருந்தா அக்கா வீட்டுக்குப் போயிடு."

அக்கா வீட்டில்தான் நான்கு மாதம் இருந்தார்கள். கடைசி நாள் அத்தான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கரன்ட் பில்லைப் பற்றிப் பேசினார். அந்தப் படியை மறுபடி மிதிப்பதற்கு இந்தத் தரையே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் அடகுக் கடைக்குப் போனாள். ஐம்பதாயிரம் கொடுத்தார்கள். கழுத்து லேசாக இருந்தது; மனசும் கொஞ்சம் லேசானது. மேஸ்திரியிடம் போனில் சொன்னாள்: "திங்கக்கிழமை காலையிலேயே ஆளைக் கூட்டிட்டு வாங்க. ரொப்பிடுங்க."

"நல்லதும்மா. முதல்லயே பண்ணியிருக்கலாம்."

வீட்டுக்கு வந்து தட்டினாள்.

இரண்டும் மூன்றும் காலி.

ஒரே நாளில் திரும்பியிருந்தது. மெத்தையை மாற்றியதும், அதுவும் மாறியிருந்தது. இவ்வளவு நாள் ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று நகர்ந்தது, இப்போது அவசரப்பட்டது. அது எதைத் தேடி நகர்கிறது என்பது அவளுக்கு அந்த நிமிஷம் புரிந்தது. புரிந்ததை மனசுக்குள் சொல்லிக்கொள்ளாமல், சிட்டுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்குக் கடைசி பஸ் போயிருந்தது. விடிந்ததும் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிளம்புவது என்று முடிவு செய்தாள்.

அன்று ராத்திரி சிட்டுவை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். தட்டிக்கொடுத்தாள். நாலு தட்டு, ஒரு இடைவெளி. கால் மரத்தது. தண்ணீர் சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கண்ணை மூடக் கூடாது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

விழித்தபோது ஜன்னலில் வெயில். மடி காலி.

சிட்டு மெத்தையில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பாய்ந்து போய்க் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தாள். சூடான, சீரான மூச்சு. போன உயிர் திரும்பி வந்தது. ராத்திரி தானே உருண்டு போயிருப்பாள். சொம்பில் தண்ணீர் ததும்ப அப்படியே இருந்தது. பாவம், ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை, அசந்து தூங்கியிருக்கிறாள்.

துணிகளைப் பையில் திணித்தாள். அக்காவுக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு மேல்தான் பஸ். சிட்டு எழவில்லை, எழுப்ப மனம் வரவில்லை. சும்மா இருக்கத் தெரியாத கை நாணயத்தை எடுத்தது.

முதல் வரிசை, மெத்தையைச் சுற்றி. ணங். இரண்டாவது, ணங். மூன்றாவது. நான்காவது. முட்டியால் நகர்ந்து நகர்ந்து ஜன்னல் வரை போனாள். ணங், ணங், ணங். மெத்தையின் ஓரத்தைத் தூக்கி அடியிலும் தட்டினாள். ணங். அறை முழுக்கக் காலி என்பதே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். பட்டப்பகலில், வெயில் விழுந்த பளபளப்பான தரையில் உட்கார்ந்து யோசித்தால், கலவை காய ஒரு வாரம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நாற்பத்தைந்தாயிரம் தப்பியது. நாளைக்கே செயினை மீட்டுவிடலாம். மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

"ஆள் வேணாம் மேஸ்திரி. எல்லாம் கெட்டியாயிடுச்சு."

"எல்லாமேவா?"

"ஒண்ணு விடாம தட்டிட்டேன்."

"குழிக்கு மேலயுமா?"

"அங்கயும் ணங்னுதான் கேக்குது."



"சிலாப்புக்கு அடியில நான் ஒண்ணும் போடலையேம்மா," என்றார் மேஸ்திரி. "எதை வெச்சு ரொம்புச்சு?"

போன் காதிலேயே இருந்தது.

மெத்தையில் சிட்டு லேசாகப் புரண்டாள். தூக்கம் கலையப் போகிறதென்று, பழக்க தோஷம், அவள் கை தானாகக் குழந்தையின் முதுகுக்குப் போனது. தட்டியது.

டொக்.

கை அந்தரத்தில் நின்றது. இல்லை. காது. காதுதான். மறுபடி, மெதுவாக.

டொக்.

அந்த வாடை. குழந்தையின் தலைமுடியிலிருந்து. சட்டையிலிருந்து. வெதுவெதுப்பாக.

"அம்மா."

மெத்தையிலிருந்து இல்லை. மெத்தையில் உதடுகள் மூடியிருந்தன.

"அம்மா, தண்ணி."

கீழே. தரைக்குக் கீழே. கெட்டியான தரையின் அடியிலிருந்து, தூக்கக் கலக்கத்தோடு, அவளுடைய சிட்டுவின் குரல்.

அவள் தரையில் விழுந்து நகத்தால் பிராண்டினாள். டைல்ஸ் வழுக்கியது. போனில் மேஸ்திரி, "அம்மா? என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கீழிருந்து குரல் இப்போது அழ ஆரம்பித்தது.

மெத்தையில் இருந்தது கண்ணைத் திறந்தது. அழுகையைக் காது கொடுத்துக் கேட்டது. பிறகு ஒரு சின்னக் கை மெத்தை விளிம்பிலிருந்து இறங்கி, தரையைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது. நாலு தட்டு, ஒரு இடைவெளி. மறுபடி நாலு தட்டு.

கீழே அழுகை மெல்ல மெல்ல அடங்கியது.