ஒரே ஒரு ஊது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கக் கொட்டகையைத் திறந்தான். முதலில் மூக்கில் ஏறியது சேற்று நாற்றம். பத்து நாள் முன்பு கால்வாயிலிருந்து கிரேன் கட்டித் தூக்கிய கார் உள்ளே நின்றது. சக்கரத்தைச் சுற்றி இன்னும் ஈரம் காயவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, கொட்டகைக்குள் மட்டும் மழைக்காலம் போல ஒரு சில்லிப்பு.

ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு ஊதுகுழல் என்று பெயர். குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொண்டவர்களின் காரில், கோர்ட்டு உத்தரவுப்படி ஒரு கருவி பொருத்துவார்கள். அதில் ஊதினால்தான் வண்டி கிளம்பும். மூச்சில் வாடை இருந்தால், சாவியைத் திருகிக் கை வலிப்பதுதான் மிச்சம். அந்தக் கருவியைப் பொருத்துவதும் மாதாமாதம் ஊதிச் சரிபார்ப்பதும் அவன் வேலை. அதனாலேயே அவன் ஒரு சொட்டு தொடமாட்டான். "ஊதுகுழல் மூச்சை அடைச்சு வித்தா, குடிகாரப் பயலுக அடிச்சுக்கிட்டு வாங்குவானுங்கடா" என்று முதலாளி கிண்டல் பண்ணுவார்.

கேலி பேசிய வாய்க்கு என்ன தெரியும், அவன் ஏற்கெனவே அடைத்துக் கொடுத்துவிட்டான் என்று.

அந்தக் கார் அக்கா புருஷனுடையது. குடித்துவிட்டு ஓட்டி மாட்டி, கோர்ட்டில் ஒருமுறை கையெழுத்துப் போட்டபிறகு, மாமா இனி குடிப்பதில்லை என்று அக்காவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரோ கூட்டாளியோடு போனவர், கண் சிவக்க இவனிடம் வந்து நின்றார். வாயில் வழக்கம்போலக் கிராம்பு. குடித்த நாளெல்லாம் வாடையை மறைக்க ஒரு பிடி கிராம்பை மென்றுகொண்டிருப்பார்.

"வண்டி கெளம்ப மாட்டேங்குது மாப்ளே. உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். ஒரே ஒரு ஊது."

"வேணாம் மாமா. நான் ஆறு மணிக்கு வந்து கொண்டு விடுறேன்."

"அதுவரைக்கும் என்னன்னு சொல்றது? ஒரே ஒரு ஊது மாப்ளே. உனக்கு அது என்ன, விடுற மூச்சுதானே?"

அவனுக்கு அவசர வேலை கிடந்தது. பழகின ரோடுதானே என்றும் நினைத்தான். ஜன்னல் வழியாகக் குனிந்து ஊதினான். ஓடும்போதும் நடுநடுவே கருவி மறுபடி கேட்கும் என்பது அவனுக்குத்தானே தெரியும்! அக்கா மகள் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய பலூன்கள் காரில் கிடந்தன. மூன்றை ஊதிக் கட்டிக் கொடுத்தான். கேட்கும்போது முடிச்சை அவிழ்த்துக் குழாயில் பிடித்தால் போதும் என்று வேறு சொல்லிக்கொடுத்தான், மகராசன்.

இரண்டு பலூன் வரைக்கும் மாமா போய்ச் சேர்ந்தார். மூன்றாவதற்கு முன் கால்வாய் வளைவு வந்துவிட்டது.

பத்து நாளாக அக்கா, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அவரு குடிக்கல. குடிச்சிருந்தா அந்த மெஷின் விட்டிருக்குமா? எனக்குப் பண்ணின சத்தியத்த அவரு காப்பாத்திட்டாருங்க." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள். இன்று நாலு மணிக்கு கோர்ட்டு ஆபீசர் வருகிறார். வண்டிக்காரர் வீட்டு ஆள் என்று அக்காவும் வருகிறாள். அவள் கண்ணெதிரே கருவிப் பெட்டியைத் திறந்து பதிவைப் பார்ப்பார். ஒவ்வொரு ஊதலுக்கும் கருவியின் கேமரா ஒரு படம் எடுத்து வைத்திருக்கும்.

நாலு மணிக்குள் அந்த நாள் படங்கள் அழிய வேண்டும். அக்காவுக்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மாட்டிக்கொள்ளப் போவது என்னவோ தான்தான்.

சட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டான். அதன்மேல் போனை வைத்தான். காரின் செத்த பேட்டரிக்குப் பதில், வேறொரு பேட்டரியைத் தரையில் வைத்து கிளிப் மாட்டினான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபோது பஞ்சு நசநசவென்று அமுங்கியது. கதவு தானாக மெல்ல வந்து சாத்திக்கொண்டது. சாய்வான தரைதானே என்று விட்டுவிட்டான்.

டாஷ்போர்டின் அடியில் கருவி பச்சையாக விழித்தது. தண்ணீர் புகாத பெட்டி, ஒன்றும் ஆகவில்லை. சுருள் ஒயரோடு குழாயைக் கையில் எடுத்தான். சர்வீஸ் ஆளுக்கான ரகசிய எண்ணைப் போட்டாலும், முதலில் ஒரு சுத்தமான மூச்சு கொடுத்தால்தான் பதிவுக்குள் விடும்.

"ஊதவும்" என்றது பதிவு செய்த பெண் குரல்.

ஆறு விநாடி ஊதினான். பீப்.

"நன்றி. பயணத்தைத் தொடங்கலாம்."

திரையில் படங்கள் வரிசையாக வந்தன. அந்த வியாழக்கிழமை, இரண்டு நாற்பது. ஜன்னலுக்குள் குனிந்து, கன்னம் உப்பி, கண் பிதுங்கி நிற்கும் தன் முகம். பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் மாமா. அடப்பாவி மனுஷா, எப்படிச் சிரிக்கிறார் பார்! அடுத்த இரண்டிலும் குழாயில் பிடித்த பலூன். மூன்றையும் சேர்த்து அழிக்கும் பொத்தானை அழுத்தினான்.

"அழிக்க வேண்டுமா? உறுதி செய்ய ஊதவும்."

ஊதினான்.

நீண்ட பீப். சிவப்பு விளக்கு. மூச்சில் மது இருக்கிறது என்றது திரை.

அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. சேறு புகுந்து கிறுக்குப் பிடித்துவிட்டது போல என்று நினைத்தபோது, நாலு கதவும் ஒருசேர லாக் விழுந்தன.

கைப்பிடியை இழுத்தான். அசையவில்லை. ஜன்னல் பொத்தானை அழுத்தினான். ஒன்றுமில்லை. பேட்டரி கிளிப் வெளியே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் கிடந்தது.

"மீண்டும் ஊதவும்."

ஊதினான். சிவப்பு. திரையில் மது அளவு போன தடவையைவிடக் கூடியிருந்தது.

பின் சீட்டின் அடியிலிருந்து ஒரு சத்தம். ரப்பர் ரப்பரோடு உரசும் கிறீச்.

திரும்பிப் பார்த்தான். சேறு பூசிய நீலப் பலூன் ஒன்று மிதியடிமேல் கிடந்தது. சுருங்கிப்போய், காய்ந்த கத்தரிக்காய் மாதிரி. மூன்றாவது பலூன். முடிச்சு அவன் போட்டது, அப்படியே இருந்தது.

"மீண்டும் ஊதவும்."

ஊதினான். பலூன் கொஞ்சம் பெருத்தது.

குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியை முழங்கையால் இடித்தான். உதைத்தான். "யாராவது இருக்கீங்களா!" என்று கத்தினான். ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் யார் இருப்பார்கள்? மேசைமேல் போன் அதிர்ந்து வெளிச்சம் போட்டது. அக்கா என்ற எழுத்து அங்கிருந்தே தெரிந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்போது கிராம்பு வாடை வந்தது.

பக்கத்து சீட்டில் யாருமில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கண்ணாடி உள்ளிருந்து பனித்தது. பனித்தது, மறைந்தது. மறுபடி பனித்தது. நடுவே நீண்ட இடைவெளி, மூச்சுக்குத் தவிக்கிறவன் விடுவது போல.

தரையில் கிடந்த குழாய் பேசியது. பெண் குரல் இல்லை.

"ஒரே ஒரு ஊது மாப்ளே."

கதவோரம் ஒடுங்கினான். "மாமா" என்றான்.

"தண்ணிக்குள்ள மூச்சு முட்டுது மாப்ளே. ஒண்ணே ஒண்ணு."

பாவமாக இருந்தது. அதுதான் கொடுமை. பயத்தைவிட அந்தக் குரலின் கெஞ்சல் அவனை உருக்கியது. குழாயை எடுத்து ஊதினான். பலூன் பெருத்தது. இன்னும் ஒன்று என்றது குரல். ஊதினான். இன்னும் ஒன்று. உயிரோடு இருந்தபோதும் மாமாவுக்கு ஒன்றோடு எது நின்றது?

எட்டாவது ஊதலில் நெஞ்சுக்கூடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இழுத்தால் காற்று வரவில்லை, சேற்று நாற்றம்தான் வந்தது. கண் இருட்டியது. பின் சீட்டை அடைத்துக்கொண்டு நீலமாக விம்மி, பலூன் அவன் பிடரியைத் தொட்டது.

வெதுவெதுவென்று இருந்தது.

"ஒரே ஒரு..."

"முடியாது மாமா."

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது. பத்து நாள் கழித்து இப்போதுதான் வாயில் வந்தது.

"முடியாது. நான் ஊத மாட்டேன். அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். என்னை விடுங்க."

கண்ணாடியில் பனி நின்றது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நாலு கதவும் ஒருசேரத் திறந்தன.

தரையில் விழுந்து இருமினான். தவழ்ந்துபோய் முதல் வேலையாகப் பேட்டரி கிளிப்பைப் பிடுங்கி எறிந்தான். கருவியின் விளக்கு அணைந்தது. கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது.

அக்கா முன்னால் வந்தாள். பின்னால் பையோடு ஆபீசர்.

"என்னடா இப்படிக் கெடக்குற? எத்தன தடவ போன் அடிக்கிறது?"

"நான்தான்கா ஊதினேன்" என்றான். "அன்னிக்கு மாமா குடிச்சிருந்தாரு. கெளம்ப நான்தான் ஊதிக் குடுத்தேன். வழிக்குப் பலூன்லயும் ஊதிக் குடுத்தேன்."

அக்கா அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. அவள் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மெஷின நம்பி எத்தன பேரு வாய அடைச்சேன் தம்பி" என்றாள். "பத்து நாளா என் வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தியேடா."

ஆபீசர் தொண்டையைச் செருமினார். "வாக்குமூலம் அப்புறம் எழுதிக்கலாம்மா. மொதல்ல பெட்டியப் பாத்துடுறேன். பேட்டரி மாட்டுப்பா."

அவன் குனிந்து கிளிப்பைத் தேடினான்.

காருக்குள்ளிருந்து மூச்சு கேட்டது. நிதானமான, முழுசான, ஆறு விநாடி மூச்சு.

பீப்.

மூன்று பேரும் திரும்பினார்கள். பேட்டரி ஒயர் தரையில் கழன்று கிடந்தது. உள்ளே பச்சை விளக்கு எரிந்தது. பின் சீட்டில் பலூன் ஒரு சுருக்கு நீலத் தோலாகக் கிடந்தது, முடிச்சு அவிழாமல்.

"நன்றி" என்றது பெண் குரல். "பயணத்தைத் தொடங்கலாம்."

ஆபீசர் ஓரடி பின்வாங்கினார். அக்கா பின்வாங்கவில்லை. அவளுக்கும் கிராம்பு வாடை வந்திருக்க வேண்டும். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் கை வைத்து, தினமும் வாசலில் நின்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

சேறு அடைத்த எஞ்சின் ஒருமுறை உறுமி நின்றது. அவள் உள்ளங்கைக்கு நேராக, கண்ணாடியின் உட்புறத்தில், மெல்லப் பனித்தது.