காட்சிமேடையில் காத்திருந்தவன்

சாட்டைப் பறவை கூவியது. நீளமாக இழுத்து, கடைசியில் சாட்டை சொடுக்கியதுபோல் ஓர் அறை. ஆண் கூவினால் பெட்டை உடனே பதில் சொல்லும். மலைச்சரிவின் அடியில் பல வருடங்களாகக் குடியிருக்கும் ரோவினாவுக்கு இரண்டும் ஒரே பறவையின் குரலாகத்தான் காதில் விழும். இன்று பதில் வரவில்லை. ஆண் மறுபடி கூவியது. காடு வாயைத் திறக்கவில்லை.

"பொண்டாட்டி கோவிச்சிக்கிட்டா போல," என்றான் பின்னால் மஞ்சள் மழைக்கோட்டில் ஊன்றுகோலோடு ஏறிவந்த அவள் கணவன் காரெத்.

"உன்ன மாதிரி ஒருத்தன் வாய்ச்சிருப்பான். பேசாம ஏறு."

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அவனுக்கு இதுதான் முதல் ஏற்றம். அவள் வேண்டாமென்றுதான் சொன்னாள். மேலே காட்சிமேடையில் நின்று கடலைப் பார்த்தபடி ஒரு வாய் தேநீர் குடித்தால்தான் கால் தன்னுடையது என்று நம்புவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்திருந்தான்.

முந்தைய நாள் மழையில் ஊறிய இலைகளின் புளித்த வாடையும், பனைகளின் உச்சியிலிருந்து நேரம் கழித்துச் சொட்டும் நீரும், எங்கோ அடியில் துறைமுகத்துக்கு நிலக்கரி இழுத்துப் போகும் ரயிலின் அரைபடும் ஓசையும் அவர்களுடன் கூடவே ஏறிவந்தன. பிறகு கடல் பக்கமிருந்து மூடுபனி சரிவைப் பற்றி ஏறி, கொடிகளுக்குள் நுழைந்து, ஒவ்வொரு மரமாக விழுங்கிக்கொண்டு வந்தது. ரயில் ஓசை அறுந்தது. இரும்புப் படிகளில் காரெத்தின் ஊன்றுகோல் தட்டும் சத்தம் மட்டும் அவளுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

அதுவும் நின்றது.

"காரெத்?"

சொட்டு விழும் சத்தம்.

"காரெத், விளையாடாத."

"இங்கதான் இருக்கேன் ரோவி. மேல வா."

குரல் அவளுக்கு முன்னாலிருந்து வந்தது.

படிகள் குறுகியவை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கைப்பிடிக் கம்பி, அதற்கப்பால் பள்ளம். அவளை உரசாமல் யாரும் முந்திப் போக முடியாது. ஆனாலும் அது அவன் குரல். கடைசிப் படிகளை ஓட்டமாக ஏறினாள். காட்சிமேடையின் கம்பிவேலியருகே மஞ்சள் மழைக்கோட்டில் அவன் நின்றிருந்தான், முதுகைக் காட்டியபடி.

"எப்படி என்னத் தாண்டி வந்த?"

"இன்னொரு வழி இருக்கு." திரும்பாமலே கையை நீட்டினான். "வா, கடலப் பாரு."

அவள் கையைப் பற்றினாள். ஈரமாய், பாறையடியில் கிடந்த எதையோ தொட்டது போலிருந்தது. பனியில் கடலும் இல்லை, வானமும் இல்லை.

"கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

"பனி."

அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது.

"ரோவி! வழுக்கிட்டேன்! கம்பியப் புடிச்சித் தொங்கிட்டிருக்கேன், சீக்கிரம் வா!"

அவள் துள்ளித் திரும்பினாள். பிடி இறுகியது.

"யாழ்வால் பறவை," என்றான் பக்கத்திலிருந்தவன். "எதக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். ரம்பத்தின் இரைச்சலை அந்தப் பறவை அச்சு அசலாக எழுப்பி அவளே கேட்டிருக்கிறாள். ஆனால் பறவை அழுமா?

"ரோவி, கை விட்டுப்போகுது!"

"நம்ம பொண்ணு பேரச் சொல்லு," என்றாள் பக்கத்திலிருந்தவனிடம் மெதுவாக.

அவன் சிரித்தான். மூக்கால் ஒரு இழுப்போடு முடியும் அதே சிரிப்பு. "இது என்ன பரீட்சை? கட்டுன புருஷன்கிட்ட கேக்குற கேள்வியா?"

வெட்கமாகிப்போனது அவளுக்கு. அந்தச் சிரிப்பை வேறு யார் சிரிக்க முடியும்? அவன் தோளில் சாய்ந்து ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். கீழே குரல் கெஞ்சியது. திட்டியது. பிறகு அவள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் போகவில்லை.

கடைசியில் அது கத்தவில்லை. களைத்துப்போய், பக்கத்தில் படுத்திருப்பவளிடம் பேசுவதுபோல் சொன்னது.

"மெரெடித்தப் பாத்துக்கோ."

இரும்பு அதிர்ந்தது. கிளைகள் முறிந்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக. அப்புறம் எதுவும் இல்லை.

மெரெடித்.

காலையிலிருந்து இந்தக் காட்டில் இருவரும் மகளின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அவள் கையை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாகப் புகுந்து பின்னிக்கொண்டன.

பனி கிழிந்தது. கடல் பளிச்சென்று விரிந்தது. அலைநுரை. தொலைவில் காத்திருக்கும் கப்பல்கள். நேர்கீழே பனைமட்டைகளின் மேல் மஞ்சளாய் ஏதோ மல்லாந்து கிடந்தது. காரெத். கண்கள் திறந்திருந்தன. அவை பார்த்தது அவளை அல்ல. அவள் பக்கத்தில் நின்றதை.

அவள் திரும்பவில்லை.

"மெரெடித்," என்றது காதோரம் காரெத்தின் குரல், புதுப் பண்டத்தைச் சுவைத்துப் பார்ப்பதுபோல.

"மெரெடித், கண்ணு, அம்மா வந்துட்டேன். கதவத் திற."

இம்முறை குரல் ரோவினாவுடையது. அவள் வாய் இறுக மூடியிருந்தது.