மெரனுக்குப் பின்னால் நடந்தது

ட்ரெட்மில்லை நிறுத்திய பிறகும் மெரனுக்கு ஒரு காலடி கேட்டது.

பெல்ட் ஓய்கிற சத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். லான்செஸ்டனில் ஜூலை மாதம் நடுக் குளிர்காலம்; பகல் மூன்று மணி. ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைத்திருந்த மூடுபனி இன்னும் விலகவில்லை, பக்கத்து வீட்டு விறகுப் புகை ஜன்னல் இடுக்கில் கசிந்து வந்துகொண்டிருந்தது. சுவரோரம் உயர மேசை, அதன் அடியில் ட்ரெட்மில். நடந்தபடியே காப்பீட்டு அழைப்புகளுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. வெள்ளத்தில் வீடு போனவர்களின் அழுகையைக் காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

மறுபடி நடந்தாள். ஹெட்செட்டில் மேற்பார்வையாளர் ஜனீன் வந்தாள்.

"மெரன், உன்கூட யாருடி நடக்கறா? பேசறவங்க கேக்கறாங்க. ரெண்டு பேர் காலடி கேக்குதாம்."

"நான் மட்டும்தான் இருக்கேன். மெஷின் பழசு."

"எண்ணெய் போடு. இல்லேன்னா என்னை மாதிரி உக்காந்து குண்டாகு."

மெரன் சிரித்துக்கொண்டே நிறுத்தினாள். பின்னால் ஒரு காலடி விழுந்தது. ஈரப் பாதம் மரத்தரையில் பதிகிற சத்தம். முன்பைவிடக் கிட்டத்தில்.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. சேற்று வாடை மட்டும் இருந்தது.

நடந்தால் அதுவும் நடந்தது, அவள் வேகத்திலேயே, இடைவெளி குறையாமல். நின்றால்தான் ஒரு அடி கூடுதலாக வைத்தது. இரண்டு முறை நின்று பார்த்தாள். மூன்றாவது முறைக்குத் துணிவில்லை. முன்னால் சுவர். கதவு அவளுக்குப் பின்னால், அது நடக்கும் பக்கம்.

கணவனை அழைத்தாள்.

"கிளென், எப்ப வருவ?"

"ஒரு மணி நேரம் ஆகும். ஏன் இப்படி மூச்சு வாங்கற? செத்த நேரம் உக்காரேன்."

"உக்கார முடியாது."

"ஏன்டா?"

சீக்கிரம் வா என்று மட்டும் சொன்னாள்.

நடந்தாள். கெண்டைக்கால் இறுகியது. ஜன்னல் சாம்பல் நிறமானது. நாற்பது நிமிடம். ஐம்பது. பின்னாலும் கால்கள் இழுபட ஆரம்பித்தன. அதற்கும் முடியவில்லை.

இனி ஆகாது.

கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

ஒரு காலடி.

அவள் பிடரியில் சில்லென்று ஒரு நெற்றி சாய்ந்தது. இரண்டு கைகள் மெல்ல அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. பெருமூச்சு ஒன்று வந்தது. பிறகு, தூக்கம் வந்த குழந்தையைப்போல, அது தன் முழு எடையையும் அவள்மீது இறக்கியது.