பிசிறு

திருப்பூரில் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் குழந்தையின் எடையை விசாரிப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்து, "ஏனுங், மீண்டாச்சுங்களா?" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். மீண்டாயிற்று என்றால் ஆரஞ்சுப் பழமும் பாராட்டும் கிடைக்கும். இல்லையென்றால் ஆரஞ்சுப் பழம் மட்டும்.

தன்யஸ்ரீக்கு மாதக் கணக்கில் ஆரஞ்சுப் பழம் மட்டுமே வந்துகொண்டிருந்தது.

மீளாடை என்பது தோலோடு ஒட்டிக்கொள்ளும் சாம்பல் நிறப் பின்னலாடை. அதன் நூல் தலைமுடியைவிட மெல்லிய உயிரிழை. போட்டுக்கொண்டு தூங்கினால் போதும். இழைகள் தோலுக்குள் நுழைந்து உடம்பை உயிரணு உயிரணுவாகத் தடவிப் பார்த்து, கல்யாணத்துக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடும். கல்யாணத்துக்கு முந்தின அந்த உடம்பின் பதிவுக்கு மூலப்படி என்று பெயர். அதற்காகவே நம் சீர்களோடு அளவுச்சீர் என்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. மணப்பெண்ணைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, தாம்பாளத்தில் வைத்த அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். உண்மையில் அளவெடுப்பது சுவரில் இருக்கும் கருவி. ஆனாலும் நாடா இல்லாமல் நம் ஆட்களுக்கு மனசு நிறையாது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் பனியன் கம்பெனிக்காரர்கள். வேறு யாருக்குத் தோன்றும்? வெளிநாட்டுக்காரன் ஒப்புக்கொண்ட ஒரேயொரு சாம்பிளை ஆணியில் மாட்டிவைத்துக்கொண்டு, லட்சம் பனியன்களை அதோடு ஒப்பிட்டே பிழைத்த ஊர் இது. சாம்பிளில் இல்லாத நூல் துணியில் நீட்டிக்கொண்டிருந்தால் அது பிசிறு. கத்தரித்து எறிய வேண்டும். முதலில் செக்கிங், பிறகு அயர்ன், பிறகு பேக்கிங். மனித உடம்பு கைக்கு வந்தபோதும் அவர்கள் அந்த வரிசையை மாற்றவில்லை. மீளாடை முதலில் உடம்புக்குள் செக்கிங் முடிக்கும். அதன் பிறகுதான் வயிற்றையும் இடுப்பையும் இழுத்துப் பிடித்து அயர்ன் போடும்.

தன்யஸ்ரீயின் ஆடை செக்கிங்கிலேயே நின்றுபோனது. நெஞ்சுக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டே இருந்தது. ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள் அவள். ஊரான் பனியனுக்கெல்லாம் பாஸ் போட்டவளுக்குத் தன் உடம்பு பாஸாகவில்லை என்பது தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் மகள் மகிழினிக்குக் காது குத்து. அன்றைக்குத் தாய் தன் முகூர்த்தப் பட்டுச் சேலையையும், அதே பழைய ரவிக்கையையும் போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டும். குழந்தையின் காதை யார் பார்க்கிறார்கள்? எல்லாக் கண்ணும் அம்மாவின் கொக்கிமேல்தான் இருக்கும். தன்யஸ்ரீயின் ரவிக்கையில் இரண்டு ஓரத்துக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெளி கிடந்தது. அவள் குளிக்கும்போது கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றாள். பால் கொடுக்கையில் குழந்தையின் கால் அந்தத் தளர்ந்த வயிற்றில் பட்டால் காலை நகர்த்திவிடுவாள். இத்தனைக்கும் பிரசவத்தில் இதயம் துவண்டு, டாக்டர்கள் கையை விரித்து, பிறகு யாருக்கும் புரியாத விதமாகத் தானாகவே தேறி வந்தவள். செத்துப் பிழைத்தவள் இடுப்புக்காக அழலாமா என்று கேட்பீர்கள். அழலாம். தினமும் அழுதாள்.

கணவன் நிரஞ்சனின் அத்தை வினோதினி, மீண்டு வருஷக்கணக்கான பிறகும் ஒல்லிக் குச்சியாக இருப்பவள், போன வாரம் வந்தபோது எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "என்ன அம்மிணி, இன்னொன்னு உள்ளயே தங்கிருச்சா?" கூடமே சிரித்தது. தன்யஸ்ரீயும் சிரித்து வைத்தாள்.

இன்னொரு எரிச்சல், அவளைப் பெற்ற அம்மா. மீளாடை சந்தைக்கு வந்த புதிதில், தன்யஸ்ரீ பிறந்த கையோடு, முதன்முதலாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருத்தி ரம்யப்ரியா. இன்றைக்கும் முகூர்த்த ரவிக்கை அவளுக்குச் சிக்கென்று பொருந்தும். இரண்டு பேரும் சேர்ந்து போனால் அக்கா தங்கையா என்று கேட்பார்கள். இப்போதெல்லாம் தங்கை என்று காட்டுவது அம்மாவைத்தான். அம்மாவுக்கு மகளின் உடம்பைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலை வேறு. தன்யஸ்ரீ ஒற்றைப் பிள்ளை; காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் கிடையாது. ஒன்றுவிட்ட பெரியம்மா மகன் ஒருவனைக் காங்கயத்திலிருந்து பேசி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை, மீளாடையைக் கவனிக்கும் மீட்பு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. தன்யஸ்ரீ, நிரஞ்சன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரம்யப்ரியா என மூவரும் போனார்கள். டாக்டர் மெஹருன்னிசா எழுந்து வந்து தானே கதவைச் சாத்தினார்.

"எடை ஒரு விஷயமே இல்லம்மா. ஆடை உங்க அனுமதிக்காகக் காத்துட்டிருக்கு. உள்ள பிசிறு இருக்கு. மூலப்படியில இல்லாத உயிரணு. சாதாரணமா கேக்காமலே எடுத்துரும். ஆனா இது பாரம் தாங்குற எடத்துல இருக்கு."

"பாரம் தாங்குற இழைய உருவுனா கண்ணி ஓடித் துணியே பிரிஞ்சிரும்ங்" என்றாள் தன்யஸ்ரீ. பின்னல் துணியோடு வளர்ந்தவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அதேதான். அதனால கேட்டுட்டு எடுக்கும். பயமில்ல, எடுத்த எடத்துல உங்க சொந்த உயிரணுவ வச்சே பின்னிரும்."

"அப்ப எடுத்துருங் டாக்டர். ஞாயித்துக்கெழமைக்குள்ள அயர்ன் முடிஞ்சிருமுங்களா?"

"முடிஞ்சிரும்." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க. நானே இன்னைக்குத்தான் பாத்தேன். இத்தனை வருஷத்துல பிசிறு யாரோடதுன்னு எவரும் கேட்டதில்ல, நான் உள்பட."

திரைச்சீலைகள் மூடின. அறையின் நடுவே தன்யஸ்ரீயின் ஒளியுரு ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. தொங்கிய வயிறு, அகன்ற இடுப்பு, எல்லாம் அப்பட்டமாக. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப உங்க மூலப்படியில இருக்கிற உயிரணு எல்லாத்தையும் அணைக்கிறேன். மீதிய மட்டும் பாருங்க."

உருவம் அணைந்து அறை இருட்டாயிற்று. பிறகு அந்த இருட்டில் நீலப் புள்ளிகள் தெரிந்தன. தொண்டையருகே சில, அடிவயிற்றுத் தழும்பு நெடுக வரிசையாகச் சில, மூளைக்குள் அங்கொன்றும் இங்கொன்றும். நெஞ்சில் மட்டும் ஒரு பிடியளவு நீலம் திரண்டு நின்றது. அது சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது.

"ஐயோ, துடிக்குதே!" என்றான் நிரஞ்சன்.

"யாரோடதுங் இது?" என்றாள் தன்யஸ்ரீ.

டாக்டர் ரம்யப்ரியாவின் தோளில் கிடந்த குழந்தையைக் காட்டினார். "வயித்துல இருக்கும்போதே குழந்தையோட உயிரணு கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்து வந்துரும். பாடத்துல நாங்க எல்லாரும் படிச்சதுதான். உங்க இதயம் துவண்டப்ப, உங்க பொண்ணு தான் வெளிய வர்றதுக்கு முன்னாடியே அங்க ஆள் அனுப்பியிருக்கா. அது தசையா மாறி இன்னும் வேலை பாத்துட்டிருக்கு. இதய டாக்டர்களுக்குப் புரியாத விஷயம் இதுதான்."

தன்யஸ்ரீ நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். கைக்கு அடியில் துடிப்பதும் எதிரே இருட்டில் துடிப்பதும் ஒன்றாகவே இருந்தன. தோளில் கிடந்த மகிழினி நீலத்தைப் பார்த்துவிட்டு, எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினாள். உள்ளயே தங்கிருச்சா என்று அத்தை கேட்டாளே, மகள் தங்கித்தான் இருந்தாள். தன்யஸ்ரீக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, கண்ணீர் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமையும் ரவிக்கையும் அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டன.

ஆனால் அவள் தரம் பார்க்கிறவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "டாக்டர், என்ற மூலப்படில நான் மட்டுந்தானுங்களே இருந்தேன்?"

"சாம்பிளே அதுதானம்மா. அதுல எப்படிப் பிசிறு வரும்?"

"அந்தச் சாம்பிள யாருங் செக் பண்ணுனா?"

டாக்டர் அவளுடைய மூலப்படியைத் தேடி எடுத்தார். பிறகு கருவியைத் தொட்டார். கல்யாணப் பெண் தன்யஸ்ரீ ஒளியில் எழுந்தாள். ஒட்டிய வயிறு, கைக்குள் அடங்கும் இடுப்பு. தான் இப்படி இருந்தோமா என்று அவள் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அவளுடைய சொந்த உயிரணுவை மட்டும் அணைத்தார். முழுக்க இருட்டாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. உடம்பெங்கும் மஞ்சள் தூவல். தொடை எலும்புகளுக்குள் மட்டும் பச்சையாக ஒரு வெளிச்சம்.

"மஞ்சள் உங்க அம்மாவோடது. அவங்க வயித்துல இருக்கும்போது உங்களுக்குள்ள வந்திருக்கு." டாக்டர் பச்சையின் அருகில் போய்க் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இது உங்களோடதும் இல்ல, அம்மாவோடதும் இல்ல. ஆண் உயிரணு. உங்க ரெண்டு பேருக்கும் சொந்தம். தன்யஸ்ரீ, உங்களுக்கு அண்ணன் யாராச்சும்..."

"நான் ஒத்தப் புள்ளைங்."

"இருந்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ரம்யப்ரியா குழந்தையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு முன்னாடி கண்ணு. மாசம் நெறையாம பொறந்தான். ஒரு நாள்கூட முழுசா இல்ல. பேர் வெக்கல, படம் எடுக்கல, எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பொதைச்ச எடத்துல இப்ப சாயப்பட்டறை நிக்குது. அவன் இருந்தான்னு காட்ட எங்கிட்ட ஒண்ணுமே இல்லன்னுதான் உங்கிட்டக்கூடச் சொல்லல."

அவன் தன் உயிரணுவை அம்மாவிடம் விட்டுப் போனான், அம்மாவுக்குள் வளர்ந்த தங்கைக்கு அது வந்து சேர்ந்தது என்று டாக்டர் மெதுவாக எடுத்துச் சொன்னார். கண்ணால் காணாத அண்ணன் ஒருவன் தன் எலும்புக்குள் இத்தனை காலம் கூடவே நடந்து வந்திருக்கிறான் என்று தன்யஸ்ரீ குனிந்து தன் தொடையையே பார்த்தாள்.

ரம்யப்ரியா குழந்தையை நிரஞ்சனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "என்னையும் அந்த வெளிச்சத்துல நிறுத்துங்க டாக்டர். எங்கிட்டத்தானே அவன் மொதல்ல இருந்தான்? எங்கிட்ட நெறையவே இருப்பான்."

"அம்மா, நீங்க அந்தக் காலத்து ஆடை போட்டவங்க. அதுக்கு மூலப்படி கிடையாது. சொந்த உயிரணு இல்லாதது எல்லாமே அதுக்குப் பிசிறு..."

"நிறுத்துங்க, பாக்கலாம்."

ஊரே மெச்சும் அந்த உடம்பு ஒளியாக எழுந்தது. ஒரு சுருக்கமில்லை. டாக்டர் அதை அணைத்தார். அறை இருண்டது. எல்லாரும் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினார்கள். தூசியளவுக்குக்கூட எங்கேயும் ஒரு புள்ளி இல்லை.

"சுத்தமா இருக்குதில்ல?" என்றாள் ரம்யப்ரியா. "அவனும் இல்ல, நீயும் இல்ல. காசு குடுத்து நானே தொடைச்சு விட்டுட்டேன்டீ."

தன்யஸ்ரீ அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் கன்னத்தைத் தொடவில்லை, தோளைத் தொடவில்லை. தொடையில் கை வைத்துக்கொண்டு அழுதாள்.

திரைச்சீலைகள் திறந்தபோது டாக்டர் சொன்னார். "நெஞ்சுல இருக்கிறத எடுக்காட்டி ஆடை அடுத்த வேலைக்குப் போகாது. வயிறு இப்படியேதான் இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

"இருக்கட்டுங்க. பேக்கிங்குக்குப் போகாத பனியன நாங்க என்னங் பண்ணுவோம்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் போட்டுக்குவோம்." சொல்லிவிட்டாள், ஆனாலும் வெளியே வரும்போது கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் உருவத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை. அது அவ்வளவு சுலபத்தில் போகிற விஷயமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேறு ரவிக்கை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். வினோதினி அத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "தாய்மாமன் வந்து உக்காருங்க" என்றார். காங்கயத்துப் பையன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான்.

"நீ செத்த இரு சாமி" என்று ரம்யப்ரியா அவனை நிறுத்தினாள். மகளைக் கைப்பிடித்துப் பலகையில் உட்கார வைத்தாள். மாமனுக்கென்று வாங்கிய புது வேட்டியையும் துண்டையும் அவள் மடியில் விரித்து, அதன்மேல் மகிழினியை வைத்தாள்.

"இதென்னங் கூத்து?" என்றாள் அத்தை. "பெத்தவ மடியில வெச்சா காது குத்துவாங்க? தாய்மாமன் மடி வேண்டாமுங்களா?"

"தாய்மாமன் மடிதானுங் அது" என்றாள் ரம்யப்ரியா. கீழே உட்கார்ந்து, மகளின் தொடையில் கை வைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். புதைத்தது, தங்கியது, தான் துடைத்துவிட்டது எல்லாம். ஊசி இறங்கியபோது மகிழினி வீறிட்டாள். தன்யஸ்ரீயின் நெஞ்சு பதறித் துள்ளியது. அதில் ஒரு பிடி மகிழினியும் சேர்ந்து துள்ளினாள். அகன்ற மடி குழந்தையை விழாமல் பிடித்துக்கொண்டது.

பந்தி போட்டபோது வினோதினி அத்தையைக் காணவில்லை. தன்யஸ்ரீ தேடிக்கொண்டு போனாள். கோயிலுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், யாருக்கும் முகம் காட்டாமல் நின்றுகொண்டு அத்தை பெங்களூரில் இருக்கும் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி, எனக்கு நல்லாத்தான் இருக்குது. உனக்கு முன்னாடி உங்கக்கா ஒருத்தி இருந்தா, உங்கிட்டச் சொன்னதில்ல. நீ ஒருக்கா ஊருக்கு வந்துட்டுப் போ. உன்னைய ஒரு எடத்துல நிறுத்திப் பாக்கோணும்."