பதினோராவது கூடைப் பள்ளம்

பசறை பஸ்ஸிலிருந்து இறங்கி, தொப்பிக்கந்தைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு ஷிஹானாவும் அவள் தம்பி ஹுமைத்தும் நடந்து வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை பகல் இரண்டு மணி. மழை சற்று முன்தான் விட்டிருந்தது. யூகலிப்டஸ் வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின.

ஷிஹானா பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஹுமைத்துக்கு பஜாரில் போன் திருத்தும் கடையில் வேலை. இரண்டு வருஷமாக இருவருக்கும் டிஸ்க் கோல்ஃப் பைத்தியம். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலிகளில் தட்டு மோதி உள்ளே விழ வேண்டும். வருஷக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த அந்த டிவிஷனில், ஒரு ஹோட்டல்காரர் காட்டையும் மலையையும் வைத்தே பதினெட்டுக் கூடைகளை நட்டிருந்தார். அடுத்த ஞாயிறு அங்கே போட்டி. அதற்கு முன் ஒரு தடவை எறிந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்தார்கள்.

வாசலில் இருந்த தகரக் கொட்டகையில் துஷாந்தினி என்ற பெண் புள்ளி எழுதும் அட்டையைக் கொடுத்தாள்.

"பனி எறங்குனா வந்துடுங்க மிஸ்" என்றாள். இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் நின்ற மேனேஜர் இருமினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாதை உண்மையிலேயே ஆளை முறித்தது. கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மரமாகவே வளர்ந்து வழியை மறித்தது. ஒவ்வொரு கூடைக்கும் ஏறி இறங்கிக் கெண்டைக்கால் கடுத்தது. காலில் ஏறிய அட்டைப்பூச்சிகளைப் பிடுங்கிப் போடவே நேரம் சரியாக இருந்தது. இருந்தாலும் ஹுமைத் சிரித்துக்கொண்டே வந்தான். ஏழாவது கூடையில் முதல் வீச்சிலேயே சங்கிலி கலகலத்தபோது அவன் போட்ட கூச்சலில் குருவிகள் பறந்தன.

பதினோராவது எறிமேடைக்கு வந்தபோது குருவிச் சத்தம் இல்லை.

முன்னால் ஒரு பெரிய பள்ளம். மலையின் ஒரு பக்கத்தை யாரோ கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. மேலே மானாப்புல் மூடியிருந்தாலும் நடுவில் செம்மண் தெரிந்தது. கூடை பள்ளத்துக்கு அந்தப் பக்கம்.

ஹுமைத் தன் நீலத் தட்டை எடுத்தான். போன வருஷம் பரிசாக வாங்கியது. அடிப்பக்கத்தில், தொலைந்தால் தெரியட்டும் என்று, எல்லா ஆட்டக்காரர்களையும் போல மார்க்கரால் பெயர் எழுதியிருந்தான். எறிந்தான். பாதி தூரம் நேராகப் போன தட்டு, காற்றே இல்லாத இடத்தில் சட்டென்று கீழே இறங்கியது.

ஷிஹானா எறிந்தாள். அவள் பெயர் எழுதிய தட்டும் அதே இடத்தில் இறங்கியது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"அத விட முடியாது ராத்தா. அது இல்லாம போட்டிக்கு எப்படிப் போற?" என்று சொல்லி ஹுமைத் புல்லைப் பிடித்து இறங்கத் தொடங்கினான்.

"தம்பி, எறங்காத. வேற வாங்கலாம்."

"அஞ்சே நிமிஷம்."

அவன் தலை புல்லுக்குள் மறைந்தது. அந்த நேரம் பார்த்து மலை உச்சியிலிருந்து பனி இறங்கியது. மெதுவாக, ஓசையில்லாமல் வந்து முதலில் கூடையையும் பிறகு பள்ளத்தையும் மூடியது. கடைசியில் ஷிஹானாவுக்குத் தன் காலிலிருந்த சப்பாத்துகளே மங்கலாகத்தான் தெரிந்தன.

அப்போது கீழே ஒரு ஆண்குரல் கேட்டது.

தினமும் ஒரே வேலையைச் செய்து சலித்தவரின் குரல். ஒரு பட்டியலை வாசிப்பது போல இருந்தது.

"கணபதி."

"ஆமாங்க."

"ரெங்கம்மா."

"ஆமாங்க."

தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். மனசு கொஞ்சம் ஆறுதல்பட்டது. ஆளிருந்தால் தம்பிக்கு உதவி இருக்கும். பெயர்களும் பதில்களும் வந்துகொண்டே இருந்தன. சில பதில்கள் பெண்குரல், சில கிழக்குரல். எல்லாமே தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது போன்ற குரல்கள்.

இந்த டிவிஷனில் ஆளே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஷப்ராஸ்."

பதில் இல்லை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. பிறகு குரல் அடுத்த பெயருக்குப் போனது.

"ஹுமைத்."

ஷிஹானா பள்ளத்தின் விளிம்புக்கு வந்து குனிந்தாள்.

"ஆமாங்க."

அது அவள் தம்பியின் குரல். ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. உம்மா கூப்பிட்டாலும் வாப்பா கூப்பிட்டாலும் "ஓ" என்பான். பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

"ஷிஹானா."

அவள் நாக்கு தானாகவே மேலண்ணத்தைத் தொட்டது. வாய் திறந்தது. பதில் சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று தோன்றியது. அவள் முக்காட்டின் நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். அப்படியே பள்ளத்துக்குள் சறுக்கினாள். புல் உள்ளங்கையைக் கிழித்தது.

"ஷிஹானா."

இப்போது குரல் பக்கத்தில்.

அடியில் செம்மண் சேறு. நடுவில் ஹுமைத் நின்றான். கைகளை உடம்போடு ஒட்டி, நிமிர்ந்து, மலையைப் பார்த்தபடி. சேறு அவன் முழங்காலைத் தாண்டியிருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை.

அவன் அருகில் சேற்றில் வெறுங்காலடிகள். இரண்டிரண்டாக, வரிசையாக, பனிக்குள் போயின. ஒவ்வொரு தடத்திலும் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

அவள் அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

"ஷிஹானா."

காதுக்குள்ளேயே. மூச்சில் ஈரமண் வாடை.

அவள் முக்காட்டுத் துணியை இன்னும் இறுக்கிக் கடித்தாள். உதட்டில் இரத்தம் உப்புக் கரித்தது. பதில் சொல்லவில்லை. சேறு ஒரு பெருமூச்சு விட்டது போலச் சத்தமிட்டு அவன் கால்களை விட்டது. சப்பாத்து இரண்டும் உள்ளேயே போய்விட்டன. அவனை எப்படி மேலே ஏற்றினாள் என்று அவளுக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

கொட்டகையில் மேனேஜர் இல்லை. இருவரின் சேற்றுக் கோலத்தைப் பார்த்ததும் துஷாந்தினி எழுந்தாள்.

"டிஸ்க்குல பேரு இருந்துச்சுங்களா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

ஷிஹானா தலையாட்டினாள்.

"அங்கதாங்க முன்ன பெரட்டுக் களம் இருந்துச்சு. காலையில ஆறு மணிக்கு எல்லாரும் வரிசையா நிப்பாங்க. கணக்கப்பிள்ளை பேரு கூப்புடுவாரு. பேரு கூப்புட்டுக்கிட்டு இருக்கப்பவே மலை வந்து விழுந்துருச்சு. பாதிப் பேரத்தான் கூப்புட்டிருந்தாரு. நான் அப்ப மூணாங் கிளாஸ். இப்ப உள்ள விழுற டிஸ்க்குல இருக்க பேரையும் சேத்துக் கூப்புடுறாரு." அவள் கண்கள் பள்ளத்துப் பக்கம் போயின. "வார ஆளுங்ககிட்ட சொன்னா வேலை போயிருமுன்னாங்க. பனி நேரத்துல நான் போய்க் கேப்பேன் மிஸ். நாலாவதா ஆமாங்கன்னு சொல்றது எங்கப்பா."

ஹுமைத் பெஞ்சில் உட்கார்ந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் பதிலு சொல்லலதானே?" என்றாள் துஷாந்தினி.

உண்மையைச் சொன்னால் அது நிலைத்துவிடும் என்று ஷிஹானாவுக்குப் பயமாக இருந்தது.

"இல்ல" என்றாள்.

பதுளைக்குத் திரும்பியதும் ஹுமைத்துக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் மருந்து கொடுத்தார். உம்மா ஓதி ஊதினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வயிறாரச் சாப்பிட்டான், போனில் ஏதோ பார்த்துச் சிரித்தான். போட்டிக்குப் போக வேண்டாம் என்று அவனே சொன்னான். ஷிஹானா அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு, உம்மா பின் வளவில் கோழிகளுக்கு அரிசி தூவும் சத்தத்தில் விழித்தாள். ஜன்னலைத் திறந்தாள்.

உம்மா உள்ளே போய்விட்டிருந்தார். வளவு நடுவில் ஹுமைத் வெறுங்காலோடு நின்றான். கைகளை உடம்போடு ஒட்டி, நிமிர்ந்து.

"தம்பி!"

திரும்பவில்லை.

வளவெங்கும் அரிசி சிதறிக் கிடந்தது. அவனுக்கு இடப்பக்கம், மதில்வரை, கோழிகள் நேராக நடக்கவில்லை. இரண்டடி வந்து நின்றன, வளைந்தன, ஒதுங்கின, மறுபடி வளைந்தன. நெருக்கமாக நிற்கும் ஆட்களின் கால்களுக்கு நடுவே நுழைந்து போவது போல.

அவனுக்கு வலப்பக்கம் மட்டும், பட்டியலில் அடுத்த ஆள் நிற்கும் அளவு இடத்தில், கோழிகள் தாராளமாகக் கொத்திக்கொண்டிருந்தன.