பயமில்லாதவள்

அதியா உருட்டிய பகடை பாயில் விழுந்து நின்றுவிட்டது. உருளும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பின்சுவருக்கு வெளியே, துணி துவைக்கும் கல் இருக்கும் பக்கம், சின்னக் கட்டை ஒன்று தரையில் தட்டித் தட்டி உருண்டு ஓய்வதுபோலக் கேட்டது. மற்ற இருவரும் நிமிரவில்லை. ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிறது என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், வரிசை வீடுகளில் மூன்று பேரும் சேர்ந்து வாடகைக்கு இருந்த கடைசி வீடு அது. மதியத்திலிருந்து விடாத தூறல். பொழுது சாயும் நேரத்தில் கரண்டும் போய்விட்டது. மெழுகுவர்த்தி உருகும் வாசனையோடு, நனைந்த தைல மரங்களின் வாசனையும், எங்கோ வார்ப்படக் கம்பெனியிலிருந்து வரும் இரும்புப் புகையும் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தன. ஜூஜுவாடிப் பக்கம் ஏறும் லாரிகளின் முனகல் ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூன்று பேருக்கும் ஷிஃப்ட் இல்லை.

விளையாட்டைக் கொண்டுவந்தது ரெஜினா. பெங்களூர் காக்ஸ் டவுன்காரி, கம்பெனியில் டிராயிங் செக்‌ஷன். அவள் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள். காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்த ஆளாகவே பேசிக்கொண்டு ஒரு கற்பனை நாட்டுக்குள் போக வேண்டும். ஜெயிப்பதும் தோற்பதும் பகடையின் கையில். சென்னம்மா போன வாரமே கோடாலி தூக்கிய குள்ளன் ஒருவனை உருவாக்கி, கெலமங்கலம் சந்தையில் மாடு பிடிப்பவர்கள் பேசுகிற பேச்சை அவன் வாயில் போட்டுச் சிரிக்க வைத்திருந்தாள். அதியாவுக்கு இதுதான் முதல் ஆள்.

"உன் ஆளுக்குப் பலம் நல்லா விழுந்திருக்குடி," என்றாள் ரெஜினா, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு. "ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"பேரு?"

அதியா யோசித்தாள். எதுவும் வரவில்லை.

"சரி, இப்போதைக்கு உன் பேரையே எழுதறேன், அப்புறம் மாத்திக்கலாம். பார்க்க எப்படி இருப்பா? சும்மா சொல்லாத. உன்கிட்ட இருக்கிறதுல எதையாவது அவளுக்குக் குடு. அப்பதான் உயிர் வரும்."

"தாடையில ஒரு தழும்பு. சின்ன வயசுல அம்மிக்கல் மேல விழுந்தது."

"அய்ய, அது உன் கதைதானே!" என்று சென்னம்மா சிரித்தாள். "சரி, அவங்கம்மா அவளை என்னான்னு கூப்பிடுவாங்க?"

"சிட்டு."

அதைச் சொன்னதும் அதியாவுக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. கிருஷ்ணகிரி வீட்டுக்கு வெளியே யாரும் கேட்டிராத பேர் அது. பதற்றம் வரும்போதெல்லாம் செய்வதுபோலத் தாடையைத் தடவினாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடியும் தடவினாள். மேடு இல்லை, பள்ளம் இல்லை. கன்னம்போலவே வழவழப்பாக இருந்தது. குளிரில் விரல் மரத்துப் போயிருக்கும் என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்குப் பயப்படுவா?" என்றாள் ரெஜினா.

"அவளுக்குப் பயமே கிடையாது," என்றாள் அதியா, கொஞ்சம் வேகமாகவே. ஷிஃப்ட் முடிந்து காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஓட்டமும் நடையுமாக வரும்போதெல்லாம் அதியாவின் மனதுக்குள் நடந்து வருகிற பெண் அவள். நாய் குரைத்தாலும் சைக்கிள் பின்னால் வந்தாலும் திரும்பிப் பார்க்காதவள்.

"எல்லாருக்கும் ஒரு பயம் எழுதணும்டி. ரூல்ஸ்."

"அப்போ அதை நான் வெச்சுக்கறேன். அவளுக்கு வேணாம்."

வெளியே, துவைக்கும் கல்லைத் தாண்டி, யாரோ ஈரச் செருப்பை இழுத்து நடந்தார்கள்.

அதியா நிமிர்ந்தாள். சத்தம் பின்சுவரை ஒட்டியே, அவசரமில்லாமல், வீட்டின் மூலைவரை வந்து நின்றது. பக்கத்து வீட்டு நாராயணப்பன் எருமையைக் கட்டப் போகிறார் போலும். ஆனால் அவர் இருமாமல் நடக்கமாட்டார். கதவைப் பார்த்தாள். தாழ் போட்டிருந்தது. எழுந்து போய்த் தொட்டும் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன புள்ள, உட்காராம இருக்கே?" என்றாள் சென்னம்மா.

"அக்கா, என் தாடையில தழும்பு இருக்கா பாரு."

சென்னம்மா மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "உனக்கு ஏது தழும்பு?"

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. இப்போதுதான் அதைச் சொல்லிச் சிரித்தவள் அவள். அதியா அம்மாவை நினைத்துக்கொண்டாள். அம்மா வாசலில் நின்று கூப்பிடுவாள். என்னவென்று கூப்பிடுவாள்? வாய் அசைவது தெரிந்தது. குரல் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாயும் தெரியவில்லை. வாசல் மட்டும் இருந்தது.

"ரெஜினா, வேண்டாம். நிறுத்திடலாம்."

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அவளுக்கு என்ன வேணும்? எதைத் தேடி வர்றா?"

சொல்லக் கூடாது என்று நினைத்தாள். அதற்குள் அவள் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது. "ஒரு வீடு. கூப்பிட்டா கதவு திறக்க ரெண்டு பேர்."

ரெஜினா எழுதினாள்.

கதவு தட்டப்பட்டது.

பலமாக இல்லை. தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவள் தட்டுவதுபோல.

"திறக்காதக்கா."

சென்னம்மா எழுந்தாள். அதியா அவள் கையைப் பிடித்தாள். சென்னம்மா குனிந்துகூடப் பார்க்காமல், முள்ளில் மாட்டிய சேலையை உருவுவதுபோலக் கையை உருவிக்கொண்டு நடந்தாள்.

"யாரு?"

"நான்தான்க்கா. அதியா."

அவளுடைய குரல். நடுக்கம் மட்டும் இல்லை.

தாழ் விலகியது. குளிர்ந்த காற்று. மெழுகுவர்த்தி படுத்து எழுந்தது. வாசலில் நனைந்த தலையோடு ஒரு பெண் நின்றாள். அதியாவின் உயரம். அதியாவின் ஊதா தாவணி. தாடையில் தழும்பு.

"எங்க போய்ட்ட, இந்த மழையில?" சென்னம்மா அவள் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

"உனக்காகத்தான்டி காத்துட்டு இருக்கோம்," என்றாள் ரெஜினா. "வா, உன் ஆளை உருவாக்கலாம்."

"அக்கா, நான் இங்க இருக்கேன்!" அதியா கத்தினாள். "அது நான் இல்ல! ரெஜினா!"

யாரும் திரும்பவில்லை. வந்தவள் மட்டும் திரும்பினாள். நிதானமாகப் பார்த்தாள்.

அதியா பாய்ந்தாள். இரண்டு கையாலும் அவளை வாசலுக்கு வெளியே தள்ளினாள். கையில் ஒன்றும் படவில்லை. தள்ளிய வேகத்தில் படியைத் தாண்டிப் போனாள். சேறு. மழை. திரும்பினாள்.

கதவு சாத்திக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அடித்தாள். உள்ளங்கை எரிய அடித்தாள்.

"வெளிய யாரோ நிக்கறாங்க போல," என்று உள்ளே சென்னம்மா சொல்வது கேட்டது.

"யாரா இருந்தா என்னக்கா? தாழ் போடு," என்றது அதியாவின் குரல்.

தாழ் விழுந்தது.

பின்னால் இருட்டு. தைல மரங்களுக்குள் ஏதோ அசைந்தது. காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒரு சைக்கிள் மெதுவாக வந்து நின்றது. அதன்மேல் யார் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஜன்னலுக்கு ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மெழுகு வெளிச்சத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவள் எதையோ சொல்ல, சென்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு நடுவில் இருந்தவள் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப்பக்கம், மூச்சு படும் தூரத்தில் நின்றாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அழுகிற குழந்தையை அடக்குவதுபோல உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள். மறு கையால் ஜன்னல் கதவை மெல்ல, மிக மெல்ல, அதியாவின் விரல்களின்மேல் சாத்தினாள்.