ஐந்தாம் அறையின் பதில்

செவ்வாய்க்கிழமை காலை டெய்லர் ஜோக் அடிக்கவில்லை.

குடியிலிருந்தும் மனநோயிலிருந்தும் மீண்டவர்கள் வருடக்கணக்கில் தங்கும் விடுதி அது. மாடியில் ஆறு அறைகள், அவரவர் சமையல், அவரவர் சாவி. தினமும் ஏழு மணிக்கு வார்டன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஒவ்வொரு கதவையும் இரண்டு முறை தட்டுவாள். உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தால் ஒரு டிக். கதவைத் திறக்கச் சொல்லமாட்டாள். "இது ஆஸ்பத்திரி இல்ல, உங்க வீடு" என்பாள் பெருமையாக. ஐந்தாம் அறை டெய்லர் மட்டும், குடியை விட்ட இந்த இரண்டு வருடமும், "இன்னும் போய்ச் சேரல, எழுதிக்கோங்க" என்பார். வராந்தாவே சிரிக்கும்.

அன்று "இருக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

நான்காம் அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. வேலை போய் மூன்று வருடமாகியும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். அந்தக் குரல் நிற்கிறவர் குரலாகவோ படுத்திருக்கிறவர் குரலாகவோ இல்லை. கதவின் அடி இடுக்கில் வாயை வைத்துப் பேசியதுபோல், தரையோடு ஒட்டி வந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை நினைக்க அவளுக்கு விருப்பமில்லை. அன்று விடியும்போது சுவரை யாரோ தட்டினார்கள். "டீச்சர்... டீச்சர்..." நோய் முற்றியிருந்த நாட்களில் சுவர்கள் அவளை அப்படித்தான் கூப்பிடும். டாக்டர் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு அத்துப்படி. பதில் சொல்லாதே, திரும்பிப் படு, நூறிலிருந்து ஏழேழாகக் குறை. குறைத்தாள். முப்பதுக்கு வந்தபோது சத்தம் நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

சனிக்கிழமையோடு தொண்ணூறு நாள். குரல் எதுவும் கேட்கவில்லை என்று தொண்ணூறு நாளும் வார்டன் எழுதிவிட்டால், அக்கா வீட்டில் வளரும் மகள் வாரம் இரண்டு நாள் வந்து தங்கலாம். அவளுக்காக வாங்கிய புதுத் தலையணை உறைகூடப் பிரிக்காமல் கட்டிலில் இருந்தது.

புதன்கிழமை பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடவில்லை. வியாழக்கிழமை வாடை வந்தது; முதலில் ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டதுபோல, மத்தியானத்துக்குள் அதற்கடியில் ஒரு தித்திப்பு. ஐந்தாம் அறைக் கதவிடுக்கில் ஈக்கள் உள்ளே நடந்து போய்க்கொண்டிருந்தன.

தட்டினாள். "டெய்லரண்ணே, சாப்டீங்களா?"

"இருக்கேன்."

"உடம்பு சரியில்லையா?"

"இருக்கேன்."

"கதவைத் திறங்கண்ணே."

உள்ளே ஏதோ இழுபட்டுக் கதவருகே வந்து நின்றது.

"இருக்கேன், டீச்சர்."

கீழே ஓடினாள். "அக்கா, அஞ்சாம் ரூமை ஒருவாட்டி திறந்து பாக்கலாமா?"

"காலைல பேசினாரேம்மா." வார்டன் கனிவாகத்தான் கேட்டாள். "ஏன், உனக்கு என்ன கேட்டுச்சு?"

நோட்டு, டீச்சரின் பக்கத்துக்குப் புரண்டது. பேனாவின் மூடி கழன்றது.

"ஒண்ணும் கேக்கல அக்கா. வாடை வருது. எலி செத்திருக்குமோன்னு..."

"மருந்து வச்சிருக்கோம்ல, அதான். பயமுறுத்திட்டியே." டிக்.

அன்று மாலை சுவரோரம் நின்று, வாய்க்குள்ளேயே, "மன்னிச்சிருங்கண்ணே" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அதே நேரத்தில், அதே மூச்சில், யாரோ அதைச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் குரலில்.

நூறு. தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.

சனிக்கிழமை காலை பால் வாங்கப் போனாள். திரும்பி மாடிப்படி ஏறியபோது நான்காம் அறை வாசலில் ஒரு பள்ளிக்கூடப் பை. இரட்டைப் பின்னல். வளர்ந்திருந்தாள்.

மகள் இரண்டு முறை தட்டினாள். "அம்மா?"

"இருக்கேன்."

டீச்சரின் குரல். தொண்டைக் கரகரப்பு உட்பட. தரையோடு ஒட்டி.

மகள் சிரித்தாள். "கீழ உக்காந்து என்னம்மா பண்றே?"

டீச்சர் வாயைத் திறந்தாள். வெறும் காற்று. பூட்டிவிட்டுப் போயிருந்த கதவு உள்ளிருந்து திறந்தது. பை உள்ளே போனது. கதவு மூடியது.

பால் கொட்டியது. ஓடினாள். சாவி திரும்பவில்லை. இரண்டு கையாலும் அறைந்தாள். வாய் மட்டும் அசைந்தது.

வார்டன் மேலே வந்தாள், கையில் நோட்டு. "என்னம்மா இது, உன் ரூமை நீயே இடிக்கிறே?" அவளை மெல்ல நகர்த்திவிட்டு, பழக்கத்தில், இரண்டு முறை தட்டினாள்.

"இருக்கேன்."

மகளின் குரல். தரையோடு ஒட்டி.

"அதான் பாப்பா இருக்காளே," என்று வார்டன் டிக் போட்டாள்.

கதவின் அடி இடுக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. காலைத் தேய்த்துக்கொண்டது. உள்ளே நடந்து போனது.